'ட்ரபிள்' என்றால் 'கஷ்டம்' என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதுமா?

கரும்பலகை கேட்கிறார்:

வணக்கம். வேலைக்குப் போகும் பெண்களுக்கான மாலை நேரப் பேச்சு ஆங்கில வகுப்புக்குப் பாடம் தயாரிக்கிறேன். கையில் இருக்கும் புத்தகத்தில் 'ட்ரபிள்: கஷ்டம், தொல்லை' என்று ஒரே வரிதான். அதை மனப்பாடம் செய்துவிட்டு மாணவிகள் சொல்லும் வாக்கியங்கள் இப்படி இருக்கின்றன:

அ) ஐ ஹேவ் ட்ரபிள் டு ஸ்லீப்.
ஆ) மை ஃபாதர் டைட், ஸோ வீ ஆர் இன் ட்ரபிள். (அப்பா போனபின் குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது என்று சொல்ல வருகிறார்.)
இ) ஷி ஹேஸ் மெனி ட்ரபிள்ஸ் இன் ஹர் ஆஃபீஸ்.
ஈ) மை சன் இஸ் எ ட்ரபிள்ட் பாய். (பையன் சரியான வால் என்று சொல்ல.)
உ) சார், டோன்ட் ட்ரபிள் மீ.

இதில் எதெது தப்பு, ஏன் தப்பு? ஹார்ட்ஷிப், டிஃபிகல்ட்டி, ப்ராப்ளம் எல்லாம் இதோடு எங்கே சேரும், எங்கே பிரியும்? வகுப்பில் பாதிப் பேருக்கு ஆங்கில எழுத்து தடுமாறும், அதனால் உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்தால் அப்படியே அச்செடுத்துத் தந்துவிடுவேன். இலக்கணப் பெயர்களைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் புண்ணியம்.

---

வடகரை வாத்தியார்:

டீச்சர், ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் என்று முடிச்சுப் போட்டதில்தான் வினை. ட்ரபிள் தனியாக நிற்கிற சொல் இல்லை. முன்னால் 'ஹேவ்' வந்தால் சிரமம், 'இன்' வந்தால் மாட்டிக்கொள்வது, 'டேக்' வந்தால் சிரமம் பார்க்காமல் செய்வது. மூன்றையும் மூன்று தனிப் பாடமாக நடத்துங்கள், ஒரே நாளில் கலக்காதீர்கள்.

முதலில் (அ). 'தூங்கச் சிரமமாக இருக்கு', 'தூங்குவதற்குக் கஷ்டமாக இருக்கு' என்று தமிழில் யோசிக்கிறோம். அந்தத் 'தூங்க'வும் 'தூங்குவதற்கு'ம் நேராக 'டு ஸ்லீப்' ஆகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் 'ஹேவ் ட்ரபிள்' வந்தால் அடுத்த வினை 'இங்' போட்டுக்கொண்டுதான் வரும்:

ஐ ஹேவ் ட்ரபிள் ஸ்லீப்பிங்.
மை மதர் ஹேஸ் ட்ரபிள் க்ளைம்பிங் தி ஸ்டேர்ஸ்.
வீ ஹேட் ட்ரபிள் ஃபைண்டிங் யுவர் ஹவுஸ்.

ட்ரபிளுக்கும் 'இங்' வினைக்கும் நடுவில் ஒரு 'இன்' போட்டாலும் தப்பில்லை, பேச்சில் அதை விழுங்கிவிடுவார்கள். வினைக்குப் பதில் பொருளோ ஆளோ வந்தால் 'வித்': ஐ ஹேவ் ட்ரபிள் வித் மை நீ, ஷி ஹேஸ் ட்ரபிள் வித் ஹர் நெய்பர்ஸ். டிஃபிகல்ட்டிக்கும் இதே அச்சுதான்: ஐ ஹேவ் டிஃபிகல்ட்டி ஸ்லீப்பிங். கொஞ்சம் விறைப்பான தொனி, அவ்வளவே. விண்ணப்பத்தில், அலுவலகக் கடிதத்தில், தேர்வுக் கட்டுரையில் டிஃபிகல்ட்டி. வீட்டில், கடையில், போனில் ட்ரபிள்.

'இங்' பாடம் மண்டையில் ஏறியதும் இன்னொரு தப்பு கிளம்பும், தயாராக இருங்கள். 'டேக் தி ட்ரபிள்' என்றால் அங்கே 'டு'தான் சரி: தேங்க்யூ ஃபார் டேக்கிங் தி ட்ரபிள் டு கம். 'சிரமம் பார்க்காம வந்ததுக்கு நன்றி'. இதற்கே இன்னொரு வடிவம் 'கோ டு தி ட்ரபிள்', அதற்குப் பின்னால் 'ஆஃப்' போட்டு 'இங்': ஷி வென்ட் டு தி ட்ரபிள் ஆஃப் மேக்கிங் லஞ்ச் ஃபார் அஸ். ஆக ஹேவ் என்றால் இங், டேக் என்றால் டு, கோ டு என்றால் ஆஃப் போட்டு இங். பலகையில் மூன்று வரியாக எழுதிப்போட்டு ஒரு வாரம் அழிக்காமல் விடுங்கள்.

விருந்துக்குப் போன வீட்டில் நாம் சொல்லும் 'எதுக்கு இவ்வளவு சிரமப்பட்டீங்க?' அச்சு அசலாக 'யூ ஷுடன்ட் ஹேவ் கான் டு ஸோ மச் ட்ரபிள்'. பதிலுக்கு வீட்டுக்காரம்மா சொல்லும் 'சிரமம் ஒண்ணும் இல்ல' என்பது 'இட் வாஸ் நோ ட்ரபிள் அட் ஆல்'. இந்த ஜோடியை இரண்டு பேரை எதிரெதிரே நிற்கவைத்துப் பழக்கினால் ஐந்தே நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

(இ)க்கு வருவோம். அரிசியை அளக்கலாம், எண்ண முடியாது. ட்ரபிளும் அப்படித்தான். அதனால் 'மெனி' வராது, 'எ ட்ரபிள்' வராது. எ லாட் ஆஃப் ட்ரபிள், எ லிட்டில் ட்ரபிள், ஸம் ட்ரபிள், நோ ட்ரபிள் என்று அளவாகச் சொல்ல வேண்டும். 'மச்' பெரும்பாலும் 'இல்லை' வாக்கியத்திலும் கேள்வியிலும் வரும், இல்லாவிட்டால் 'ஸோ', 'டூ' துணையோடு. எனவே ஷி இஸ் ஹேவிங் எ லாட் ஆஃப் ட்ரபிள் அட் வொர்க். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் ப்ராப்ளம் பக்கம் போங்கள்: ஷி ஹேஸ் த்ரீ ப்ராப்ளம்ஸ் அட் வொர்க்.

'ட்ரபிள்ஸ்' என்று பன்மையே கிடையாதா என்று ஒரு சூட்டிகையான பெண் கேட்பார். உண்டு, ஆனால் அது கணக்குப் பன்மை இல்லை. டெல் மீ யுவர் ட்ரபிள்ஸ் என்றால் 'உன் மனக்குறையெல்லாம் சொல்லு'. டீதிங் ட்ரபிள்ஸ் என்றால் புதிதாகத் தொடங்கிய எதற்கும் ஆரம்பத்தில் வரும் சின்னச் சின்னக் கோளாறுகள், பல் முளைக்கிற குழந்தை படுத்துமே, அதிலிருந்து வந்தது.

(ஈ) கொஞ்சம் ஆபத்தான தப்பு. ட்ரபிள்ட் பாய் என்றால் மனம் நொந்து, குழம்பி, உள்ளுக்குள் தவிக்கிற பையன். ஆசிரியர் அப்படி எழுதினால் பள்ளியில் மனநல ஆலோசகரைக் கூப்பிடுவார்கள். படுத்துகிற பையன் ட்ரபிள்ஸம். வெறும் வாலுத்தனம் என்றால் அதுகூட வேண்டாம், மிஸ்சிவஸ் போதும். ட்ரபிள்ட் தான் துன்பப்படுவது, ட்ரபிள்ஸம் அடுத்தவரைத் துன்பப்படுத்துவது. ட்ரபிளிங் என்று மூன்றாவது ஒன்று உண்டு, அது செய்திக்கும் சம்பவத்துக்கும்: எ ட்ரபிளிங் ரிப்போர்ட், மனதை உறுத்துகிற அறிக்கை.

(ஆ)வையும் (உ)வையும் மொழிபெயர்ப்புப் பக்கம் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

திருத்துநர்:

(ஆ) இலக்கணப்படி சரி, அர்த்தப்படி விபரீதம். கேட்பவர் காதில் விழுவது: 'அப்பா இறந்துட்டார், அதனால நாங்க மாட்டிக்கிட்டோம்.' ஏதோ வழக்கு, போலீஸ், கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்று நினைப்பார்கள்.

'இன் ட்ரபிள்' என்பதற்குள் மூன்று நிலை இருக்கிறது. தண்டனை, திட்டு காத்திருப்பது முதல் நிலை. பிள்ளையிடம் அம்மா 'யூ ஆர் இன் ட்ரபிள்' என்றால் நம் வீட்டு 'உனக்கு இருக்கு இன்னைக்கு'. இன் ட்ரபிள் வித் தி போலீஸ், இன் ட்ரபிள் வித் மை பாஸ் இரண்டும் இதில்தான் சேரும். அடுத்தது ஆபத்து. கடலில் குளித்தவர் 'காட் இன்டு ட்ரபிள்' என்று செய்தி வந்தால் நீரில் தத்தளித்தார் என்று எழுத வேண்டும், 'பிரச்சினையில் சிக்கினார்' என்று எழுதினால் வாசகர் கரையில் அடிதடி என்று நினைத்துக்கொள்வார். மூன்றாவது, நிறுவனமோ வங்கியோ 'இன் ட்ரபிள்' என்றால் நொடித்துப்போகும் நிலை. 2008இல் அமெரிக்க அரசு 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கிய மீட்புத் திட்டத்தின் பெயரிலேயே 'ட்ரபிள்ட் அஸெட்' என்று இருந்தது. மதிப்பு சரிந்து, வாங்க ஆள் இல்லாமல் வங்கிகளிடம் தேங்கிய சொத்துகள் அவை. பழைய ஆங்கிலக் கதைகளில் ஒரு பெண் 'இன் ட்ரபிள்' என்று வந்தால் திருமணத்துக்கு முன் கருவுற்றாள் என்பதை மூடிச் சொல்வது. இப்போது அருகிவிட்டது, ஆனாலும் மாணவிகள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மூன்றிலும் பொதுவான விஷயம்: நிலைமை இன்னும் முடியவில்லை, இனிமேல்தான் ஏதோ நடக்கப்போகிறது. வருடக்கணக்காக வறுமையில் உழல்வது இதில் வராது. அதற்குத்தான் ஹார்ட்ஷிப். பணம், உணவு, இருப்பிடம், வசதி என அடிப்படைத் தேவைகள் இல்லாமல் நீண்ட நாள் படும் பாடு. ஆனால் அதுவும் எழுத்துச் சொல். பேச்சில் இப்படிச் சொல்லச் சொல்லுங்கள்:

ஆஃப்டர் மை ஃபாதர் டைட், வீ ஹேட் எ வெரி ஹார்ட் டைம்.
திங்ஸ் ஹேவ் பீன் டிஃபிகல்ட் ஃபார் அஸ் ஸின்ஸ் மை ஃபாதர் டைட்.

முதலாவது கடந்துவந்தாயிற்று என்ற தொனி, இரண்டாவது இன்னும் தொடர்கிறது.

ப்ராப்ளம் எப்போதும் ஒரு குறிப்பிட்ட சிக்கல், அதற்குத் தீர்வு உண்டு என்ற நினைப்பும் கூடவே இருக்கும். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது வீரர்கள் தரைக்குச் சொன்னது 'வீ'வ் ஹேட் எ ப்ராப்ளம்'. அந்த இடத்தில் 'வீ ஆர் இன் ட்ரபிள்' என்றிருந்தால் அது தகவல் இல்லை, அபயக் குரல்.

தமிழிலிருந்து போகும் திசையில் சில ஜோடிகள் அப்படியே பொருந்தும். 'வம்பை விலைக்கு வாங்காதே' என்பதற்கு 'டோன்ட் ஆஸ்க் ஃபார் ட்ரபிள்'. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டவரைப் பற்றியும் 'ஹி வாஸ் ஆஸ்கிங் ஃபார் ட்ரபிள்' என்றே சொல்லிவிடலாம், ஓணான்தான் விடுபடும், என்ன செய்ய. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பதற்கு 'மோர் ட்ரபிள் தேன் இட்ஸ் வொர்த்'. 'குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது' என்பதற்கு 'ஃபிஷிங் இன் ட்ரபிள்ட் வாட்டர்ஸ்'. இந்தக் கடைசி ஜோடி வெறும் தற்செயல் இல்லை. ட்ரபிள் பழைய பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல், மூலத்தில் கலங்கல், குழப்பம் என்பதே பொருள். டிஸ்டர்ப், டர்புலன்ஸ் எல்லாம் அதே குடும்பம்.

செய்தி மொழிபெயர்ப்பவர்கள் அடிக்கடி வழுக்கி விழும் இடம் இன்னொன்று. 'தி ட்ரபிள்ஸ்' என்று முன்னால் 'தி' போட்டு, பெரிய எழுத்தில், பன்மையில் வந்தால் அது வட அயர்லாந்தின் ஆயுத மோதல் காலம். 1960களின் கடைசியில் தொடங்கி 1998 ஏப்ரல் 10 புனித வெள்ளி ஒப்பந்தம் வரை. 3,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதை 'தொல்லைகள்' என்று எழுதுவது அபத்தம். 'வட அயர்லாந்து மோதல்கள்' என்று விரித்து எழுதிவிடுங்கள்.

அமெரிக்க உரைகளில் 'குட் ட்ரபிள்' என்று வந்தால் அது கறுப்பின உரிமைப் போராளி ஜான் லூயிஸ் சொன்னது. 1965 மார்ச் 7 அன்று அலபாமா மாநிலத்துச் செல்மா ஊர்ப் பாலத்தில் வாக்குரிமை ஊர்வலத்தை முன்னின்று நடத்தி மண்டை உடைபட்டவர், பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர். 'வம்பு தும்புக்குப் போகாதே' என்று பெரியவர்கள் சொல்வதற்கு 'டோன்ட் கெட் இன் ட்ரபிள்' என்பார்கள் அல்லவா, அதைத் திருப்பிப்போட்டு, நியாயத்துக்காக மாட்டிக்கொள்வது நல்ல வம்பு என்றார். 'நல்ல துன்பம்' என்று மொழிபெயர்த்தால் துறவு உபதேசம் ஆகிவிடும்.

---

நிறுத்தற்குறி:

(உ) பற்றி. 'டோன்ட் ட்ரபிள் மீ' இலக்கணத்தில் தப்பு இல்லை. இந்தியாவுக்குள் யாருக்கும் புரியும், திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். வெளியே இது பழைய நாடக வசனம் மாதிரி ஒலிக்கும். அங்கே 'ஸ்டாப் பாதரிங் மீ', 'லீவ் மீ அலோன்' என்பார்கள். ட்ரபிள் வினையாக இன்றும் உயிரோடு இருப்பது இரண்டே இடத்தில். மரியாதைக்கு: ஸாரி டு ட்ரபிள் யூ, 'தொந்தரவுக்கு மன்னிக்கணும்'. மன உறுத்தலுக்கு: வாட் ட்ரபிள்ஸ் மீ இஸ் ஹிஸ் ஸைலன்ஸ்.

ஆனால் உங்கள் உதாரணத்தில் 'சார்' இருக்கிறது, வகுப்பு வேலைக்குப் போகும் பெண்களுக்கு. அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தை சேலையைப் பிடித்து இழுத்தாலும் 'ட்ரபிள்', மேலாளர் அத்துமீறினாலும் 'ட்ரபிள்' என்றால் புகாரில் கனமே இருக்காது. நேரில் சொல்ல 'ப்ளீஸ் ஸ்டாப். ஐ டோன்ட் லைக் திஸ்.' எழுத்தில் 'ஹராஸ்மென்ட்' (துன்புறுத்தல்) என்ற சொல்லே வர வேண்டும், 'ஹி இஸ் கிவிங் மீ ட்ரபிள்' என்று எழுதினால் வேலைத் தகராறு என்று ஓரத்தில் வைத்துவிடுவார்கள். 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம். புகாரில் தேதி, இடம், அவர் சொன்னது அல்லது செய்தது, பார்த்தவர் யார், எல்லாம் தனித்தனி வரியாக. தமிழில் எழுதினாலும் செல்லும், ஆங்கிலம் தெரியவில்லை என்று யாரும் தயங்க வேண்டாம்.

'கிவ் ட்ரபிள்' பற்றியும் ஒரு வார்த்தை. இயந்திரம், உடம்பு இரண்டுக்கும் இது எங்கும் செல்லுபடி: மை நீ இஸ் கிவிங் மீ ட்ரபிள், தி மிக்ஸி இஸ் கிவிங் ட்ரபிள். ஆள் படுத்தினால் 'கிவிங் மீ எ ஹார்ட் டைம்' இயல்பாக இருக்கும்.

---

கரைச்சல்காரன்:

எங்கட யாழ்ப்பாணப் பேச்சில இதுக்கெண்டே அச்சாச் சொல் ஒண்டு இருக்கு: கரைச்சல். 'சும்மா கரைச்சல் குடுக்காத' எண்டா டோன்ட் பாதர் மீ. 'ஒரு கரைச்சலும் இல்லை' எண்டா நோ ட்ரபிள் அட் ஆல். சின்ன நச்சரிப்பில இருந்து பெரிய சிக்கல் வரைக்கும் ஒரே சொல் தாங்கும், அதால ட்ரபிளுக்குக் கிட்ட வாறது கஷ்டத்தை விட இதுதான். திருத்துநர் சொன்ன அயர்லாந்துக் கதையும் எங்களுக்குப் புதுசில்லை, யுத்தத்தை 'பிரச்சினை' எண்டும் அந்தக் காலத்தை 'பிரச்சினை நேரம்' எண்டும் சொல்லித்தானே எங்கட சனம் பழகினது.

ஹார்ட்ஷிப் பற்றி ஒரு விசயம், அவுஸ்திரேலியாவுக்கு வாற ஆக்களுக்கு. இஞ்ச அது வெறும் அகராதிச் சொல் இல்லை, சட்டச் சொல். வேலை போய், வருத்தம் (நோய்) வந்து, வீட்டுக்கடன் கட்டேலாமல் போனால் வங்கிக்குப் போன் அடிச்சு 'ஐ ஆம் இன் ட்ரபிள்' எண்டு சொன்னால் அந்தப் பக்கம் ஆள் பதறி 'ஆர் யூ ஸேஃப்?' எண்டு கேக்கும். சொல்ல வேண்டியது: 'ஐ ஆம் இன் ஃபைனான்ஷியல் ஹார்ட்ஷிப். ஐ கான்ட் மேக் மை பேமென்ட்ஸ்.' ஹார்ட்ஷிப் எண்ட சொல் விழுந்த உடன அதுக்கெண்டு இருக்கிற பிரிவுக்கு மாத்தி விடுவினம். கடிதம் கட்டாயமில்லை, வாயால சொன்னாலும் அது அறிவித்தல்தான். எப்ப இருந்து கட்டேலாது, ஏன், இப்ப கிழமைக்கு எவ்வளவு கட்டலாம், எப்ப நிலைமை சரிவரும் எண்டு நினைக்கிறீங்கள், இந்த நாலையும் முதலே எழுதி வச்சுக்கொண்டு அடியுங்கோ. வங்கி மேலதிக விபரம் கேக்காட்டி 21 நாளுக்குள்ள பதில் தரவேணும். மாட்டம் எண்டால் காரணம் எழுத்தில தரவேணும், அதுக்குப் பிறகு நிதி முறைப்பாட்டு ஆணையத்திட்ட போகலாம், காசு கட்டத் தேவையில்லை.

அமெரிக்க வெளியுறவுத் துறையிலயும் 'ஹார்ட்ஷிப்' கணக்குச் சொல்தான். வாழச் சிரமமான ஊருக்கு அனுப்பினால் அடிப்படைச் சம்பளத்தில 35 சதவீதம் வரைக்கும் கூடக் குடுப்பினம். ட்ரபிளுக்கு ஆரும் படி குடுக்கிறதில்லை.

---

பதினாலாம் நம்பர் ஸ்பேனர்:

பட்டறைப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு. 'வண்டி ட்ரபிள் பண்ணுது' என்று எல்லாரும் சொல்வோம். ஆங்கிலத்தில் ட்ரபிளை யாரும் 'பண்ண' முடியாது. 'ஐ ஹேவ் இன்ஜின் ட்ரபிள்' அல்லது மேலே சொன்ன 'கிவிங் ட்ரபிள்'. 'மேக் ட்ரபிள்' என்று நேராக மாற்றினால் அது கலாட்டா செய்வது. ட்ரபிள்மேக்கர் கலகக்காரன், வண்டி இல்லை.

டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்து ஸ்கேனர் போட்டால் வருவதன் பெயரே 'டயக்னாஸ்டிக் ட்ரபிள் கோட்'. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புது கார்களுக்கும் ஒரே முறையாக்கிய குறியீடு, இப்போது இங்கேயும் அதே ஸ்கேனர்தான். பி0301 என்று வந்தால்: 'பி' இன்ஜின், கியர் பகுதி. '0' எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடு. '3' பற்றவைப்பு, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றாமல் போவது) சம்பந்தம். கடைசி '01' முதல் சிலிண்டர். 00 என்று வந்தால் எந்தச் சிலிண்டர் என்று நிச்சயம் இல்லாமல் மாறி மாறி விடுகிறது. இந்த ட்ரபிள் கோட் எந்த இடத்தில் கோளாறு என்றுதான் சொல்லும், எந்தப் பாகம் போச்சு என்று சொல்லாது. 0301 பார்த்ததும் ஸ்பார்க் பிளக்கை மாற்றிவிட்டு, அப்புறம் காயிலோ (பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருள்) இன்ஜெக்டரோ (எரிபொருளைப் பீச்சுவது) காரணம் என்று தெரிந்து தலையில் கைவைப்பவர்கள் ஏராளம். ஒன்றாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு ஓட்டுங்கள். கோட் 0303க்கு மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கையும் அதேபோல இடம் மாற்றிப் பாருங்கள்.

இந்தத் தேடலுக்குப் பெயர்தான் ட்ரபிள்ஷூட்டிங். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தந்தி, தொலைபேசிக் கம்பியில் எங்கே அறுந்தது என்று தேடிப் போன ஆட்களை ட்ரபிள்ஷூட்டர் என்றார்கள், அங்கிருந்து வந்த சொல். அலுவலக மின்னஞ்சலில் 'ஐ ட்ரபிள்ஷூட்டட்' என்று எழுதுகிறார்கள், அகராதியில் இறந்தகாலம் 'ட்ரபிள்ஷாட்'. அப்படி எழுதினாலும் தேடிப் பார்த்தேன் என்றுதான் பொருள் நிற்கும், சரிசெய்துவிட்டேன் என்று சொல்ல 'ஐ ஃபிக்ஸ்ட் இட்' தனியாக வேண்டும். இதில் வாடிக்கையாளர்களோடு நடக்கும் சண்டைக்கு அளவே இல்லை.

---

கரும்பலகை:

எல்லாருக்கும் நன்றி. நிறுத்தற்குறி சொன்னதை அப்படியே தனித்தாளாகப் போடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். உச்சரிப்பு: சிலர் 'ட்ரூபிள்' என்கிறார்கள், சிலர் சொன்னால் 'ட்ராவல்' என்று கேட்கிறது. அடுத்தது, 'ப்ரீதிங் ட்ரபிள்', 'ட்ரபிள் ப்ரீதிங்' இரண்டும் ஒன்றா?

---

வடகரை வாத்தியார்:

முதல் அசையில் 'கப்', 'பஸ்' என்பதில் வரும் அதே குறில் அகரம். எழுத்தைப் பார்த்து ஏமாறுவதால் 'ட்ரூ' வருகிறது. டபிள், கபிள் என்பவற்றோடு ஓசை சேர்த்துச் சொல்லவைத்தால் போய்விடும். கடைசியில் 'பிள்' என்று இகரத்தை அழுத்த வேண்டாம், 'ப்'பும் 'ள்'ளும் ஏறக்குறைய ஒட்டிக்கொள்ளும், அந்தப் 'ப்' ரப்பரில் வருவது போல ஒலியுள்ள 'ப்'. ஸ்பீக்கர் செட்டில் பேஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ட்ரெபிள் வேறு சொல், அதில் எகரம். ட்ராவலில் கீழுதடு மேல்பல்லைத் தொட வேண்டும், ட்ரபிளில் இரண்டு உதடும் மூடித் திறக்க வேண்டும். சின்னக் கண்ணாடி கொடுத்து உதட்டைப் பார்த்துப் பழகச் சொல்லுங்கள். ஆனால் ட்ராவல் என்ற சொல்லே 'பாடுபடுவது' என்ற பொருளுள்ள பழைய சொல்லிலிருந்து வந்ததுதான். அந்தக் காலத்துப் பயணம் அப்படி.

இரண்டாவது கேள்வி. உறுப்பின் பெயர் முன்னால் வந்தால் நாள்பட்ட கோளாறு: ஹார்ட் ட்ரபிள், பேக் ட்ரபிள், ஸ்டமக் ட்ரபிள். மருத்துவர் 'வாட் ஸீம்ஸ் டு பி தி ட்ரபிள்?' என்று கேட்டால் 'உடம்புக்கு என்ன?' என்றுதான் கேட்கிறார், 'நோ ட்ரபிள், டாக்டர்' என்று மரியாதைக்குச் சொல்லிவிட வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுவார். 'ப்ரீதிங் ட்ரபிள்' பொதுவாக மூச்சுத் தொந்தரவு, எப்போதிலிருந்து என்று சொல்லாது. இப்போது, இந்த நிமிடம் திணறுகிறார் என்றால் 'ஹி இஸ் ஹேவிங் ட்ரபிள் ப்ரீதிங்', அந்த 'ஹேவிங்'தான் அவசரத்தைச் சொல்கிறது. அவசர அழைப்பில் முதல் வாக்கியமாக இது, அடுத்தது முகவரி, அதற்கடுத்து நோயாளியின் வயது. மூச்சே விட முடியவில்லை என்றால் ட்ரபிளை விட்டுவிட்டு 'ஹி கான்ட் ப்ரீத்'.

இங்கே 108க்கு அடித்தால் தமிழே போதும். இது வெளிநாட்டில் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தங்கும் அம்மாக்களுக்கு.